பெஞ்சு காலியாகத்தான் இருந்தது

செல்லூர் 60 அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் தெருமுனையில் ஒரு டீக்கடை. நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்ட கடை. தாத்தா போட்டார், மகன் நடத்தினார், இப்போது பேரன் டீ ஆற்றுகிறார். ஏழு வயதில் அலுமினியத் தூக்குவாளியோடு அந்தக் கடைக்கு நடக்க ஆரம்பித்தேன். வீட்டில் அப்பா தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பார். அம்மா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருப்பார். காலை பதினோரு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும், பக்கத்துத் தறிக்காரர்களுக்கும் சேர்த்து ஆறு டீ. "ஆறு டீ மாஸ்டர், ஒண்ணு சீனி கம்மி" என்று சொல்லிவிட்டு பாய்லர் ஓரமாக நிற்பேன். ஊற்றிக் கொடுத்ததும் சிந்தாமல் வீட்டுக்கு ஓட வேண்டும்.

அப்புறம் படித்தேன், ஆசிரியை ஆனேன், கல்யாணம், பிள்ளை, பணி ஓய்வு. ஐம்பது வருஷமாக அந்தக் கடை டீ என் உடம்பில் ஓடுகிறது. ஆனால் அந்தக் கடை பெஞ்சில் நான் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. யாரும் என்னை உட்காராதே என்று சொன்னதும் இல்லை. இந்த விஷயம் எனக்கு உறைத்த இடம், இங்கிலாந்தில் போல்ட்டன் என்கிற ஊரில் இருக்கும் ஒரு பப். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

மகள் போல்ட்டனில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். அவள் பேறுகாலத்துக்காகப் போன வருஷம் அங்கே போயிருந்தேன். மான்செஸ்டர் விமான நிலையத்திலிருந்து காரில் போகும்போதே செங்கல்லில் கட்டிய நெடிய புகைபோக்கி ஒன்று கண்ணில் பட்டது. "அது என்ன மாப்பிள்ளை?" என்றேன். "பழைய மில்லு அத்தை. இந்த ஊரே நூல் நூத்த ஊர்தான்" என்றார். எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. கடல் தாண்டி வந்து இறங்கியதும் இன்னொரு தறிக்காரர் ஊர்.

ஊரைப் பற்றிக் கேட்கக் கேட்க ஆச்சரியம்தான். 1779ல் சாமுவேல் கிராம்ப்டன் என்கிறவர் 'மியூல்' என்ற நூற்பு எந்திரத்தைச் செய்தது இந்தப் போல்ட்டனில்தான். பக்கத்து ஊரான பரியில் பிறந்த ஜான் கே, 1733ல் பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை வாங்கினார். எங்கள் அப்பா கயிற்றை ஒரு வெட்டு வெட்டினால் நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பாயுமே, அந்த வித்தையின் தொடக்கம் அதுதான். அதை விசையாக்கி, மில்லாக்கி, மலிவுத் துணியாக நம் ஊருக்கே அனுப்பி, நம் தறிகளின் வயிற்றில் அடித்ததும் இந்த வட்டாரம்தான். 1921 செப்டம்பரில் மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது காந்தி அரையாடைக்கு மாறினார். பத்து வருஷம் கழித்து, 1931 செப்டம்பரில், அதே அரையாடையோடு இந்த லங்காஷயர் மண்ணில் போல்ட்டனுக்கு அடுத்திருக்கும் டார்வனுக்கு வந்தார். அந்நியத் துணி வேண்டாம் என்று அவர் சொன்னதால் வேலை போனவர்களையே நேரில் பார்த்துப் பேசினார். மதுரையில் உடுத்திய துணி டார்வன் வரைக்கும் நடந்திருக்கிறது என்று நினைத்தபோது அந்தக் குளிரிலும் எனக்குள் ஒரு சூடு.

குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. நவம்பர் கடைசி. அங்கே அந்த மாதத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து எனக்கு மூச்சு முட்டியது. ஒரு புதன்கிழமை சாயங்காலம் மகள் சொன்னாள்: "ம்மா, ஸ்வெட்டரப் போடு. மூணு தெரு தள்ளி ஒரு பப் இருக்கு. போயிட்டு வருவோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பப்பா? பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டா?"

"வந்து பாரும்மா" என்று தள்ளுவண்டியில் பிள்ளையைப் போர்த்திவிட்டாள்.

என் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. குடி என்றால் எனக்கு என் சித்தப்பா முகம்தான் ஞாபகம் வரும். துண்டுக்குக் கரை போடுவதில் எங்கள் தெருவில் அவருக்கு நிகர் கிடையாது. சனிக்கிழமை கூலி கைக்கு வந்தால் ஞாயிறு விடியும்போது பாதி இருக்காது. சித்தி விடிய விடிய வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். நாற்பது சொச்சம் வயதிலேயே சித்தப்பா போய்விட்டார். அந்த வீட்டுத் தறியை விற்றுத்தான் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்தது. குடிக்கும் இடம் என்று நான் அறிந்ததெல்லாம் இருட்டு, பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், சுவரைப் பிடித்து நிற்கும் ஆண்கள். அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போகப் பழகிய பெண்களில் நானும் ஒருத்தி.

நம் மாநிலத்தில் குடியின் கதையே வேறு மாதிரி நடந்தது. 1937ல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1971ல் கருணாநிதி ஆட்சியில் அது விலக்கப்பட்டது. பிறகு மீண்டும் வந்தது, மீண்டும் போனது. 1983ல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 2003ல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. ஒளிந்து குடித்த காலமும் உண்டு, வரிசையில் நின்று வாங்கும் காலமும் வந்தது. குடும்பத்தோடு போய் உட்கார்ந்து பேசும் இடமாக அது என்றைக்கும் வளரவில்லை. அந்த வேலையை எங்கள் ஊரில் டீக்கடைதான் ஏற்றுக்கொண்டது. மேகம் கருத்தால் செல்லூர்க் கண்மாய் என்ன ஆகும் என்ற கவலை, அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் என்ன செய்வது என்ற யோசனை, நூல் விலை, பெண் பார்க்கிற பேச்சு, எல்லாம் அங்கேதான். ஆதித்தனார் 1942ல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தியை ஒருவர் சத்தமாக வாசிக்க, எழுத்துத் தெரியாதவர்களும் உலகச் செய்தி தெரிந்துகொண்டது அந்தப் பெஞ்சுகளில்தான்.

சரி, பப்புக்கு வருகிறேன்.

வரிசை வீடுகளின் கடைசியில், இன்னொரு வீடு மாதிரியே இருந்தது. மேலே ஒரு படப் பலகை தொங்கியது. கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதியது கணப்பின் சூடு. சிவப்புக் கம்பளம், தேய்ந்த மர மேஜைகள், சுவர் முழுக்கச் சட்டம் போட்ட பழைய படங்கள். ஒரு மூலையில் இரண்டு தாத்தாக்கள் டாமினோ விளையாடிக்கொண்டிருந்தார்கள். கணப்புக்கு முன்னால் ஒரு கிழட்டு நாய் நான்கு காலையும் நீட்டிப் படுத்திருந்தது. ஒரு குழந்தை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. கல்லாவுக்குப் பின்னால் இருந்த அம்மாள் எங்களைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "உட்காருங்க. பாப்பாவ நெருப்புப் பக்கம் கொண்டு வாங்க." வார்த்தைக்கு வார்த்தை 'லவ்' என்று சேர்த்துக்கொண்டார். அந்த வட்டாரத்தில் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நம் ஊர்க் கிழவிகள் முன்பின் தெரியாத பிள்ளையையும் 'ஏத்தா' என்பார்களே, அதே வாஞ்சை.

எனக்கு என்ன கொடுப்பது என்று மகள் யோசிக்கும்போதே அந்த அம்மாள் கருநீல நிறத்தில் ஒரு கண்ணாடி டம்ளரை என் முன்னால் வைத்தார். வாயில் வைத்தேன். அப்படியே பொவண்டோ! திராட்சை வாசனை, நாக்கில் அதே கூர்மை. திருவிழாவுக்கு அப்பா வாங்கிக்கொடுத்த 'கலர்'. அதன் பெயர் விம்டோ. 1908ல் மான்செஸ்டரில் நிக்கல்ஸ் என்பவர் தயாரித்தது. அந்தக் காலத்தில் லங்காஷயர் முழுக்க மதுவிலக்கு இயக்கம் பலமாக இருந்திருக்கிறது. 1832ல் பக்கத்திலுள்ள பிரஸ்டன் நகரத்தில் ஏழு பேர் இனி எந்த மதுவையும் தொடுவதில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். மில் தொழிலாளிகளின் கூலி குடியில் கரைவதைப் பார்த்துத் தவித்தவர்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள். சித்தி மாதிரி வாசல்படியில் உட்கார்ந்திருந்த பெண்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள். குடிக்காதவர்களுக்காக வந்த பானங்கள் வரிசையில் விம்டோவுக்கும் இடம் கிடைத்தது. அதை ஒரு பப்பில் உட்கார்ந்து நான் குடித்தேன்.

கூடவே ஒரு கிண்ணத்தில் கருப்பாக ஏதோ வந்தது. அந்த வட்டாரத்துக் கருப்புப் பட்டாணி. ஊற வைத்து, குழைய வேக வைத்து, வினிகர் தெளித்துத் தருகிறார்கள். கடுகும் தேங்காயும் இல்லாத சுண்டல். இரண்டாவது கிண்ணமும் சாப்பிட்டேன்.

அந்த அம்மாளின் குடும்பம் மாடியில்தான் வசிக்கிறது. மாமனார் காலத்தில் இந்தப் பப் ஒரு பீர் கம்பெனிக்குச் சொந்தம். வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள், அந்தக் கம்பெனிச் சரக்கை மட்டும்தான் விற்க முடியும். பிரிட்டனில் பெரும்பாலான பப்கள் ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தன. 1989ல் பெரிய பீர் கம்பெனிகள் இத்தனை பப்தான் இப்படிக் கட்டி வைத்திருக்கலாம் என்று அரசு வரம்பு விதித்தது. அதன்பின் ஏராளமான பப்கள் கைமாறின. அந்தச் சமயத்தில் கடன் வாங்கி இதை விலைக்கு வாங்கினார்களாம். இப்படிச் சொந்தமாக நடத்துவதை 'ஃப்ரீ ஹவுஸ்' என்கிறார்கள். கணவர் கீழே நிலவறையில் பீப்பாய்களைப் பார்த்துக்கொள்கிறார், மகன் அடுப்படி, மருமகள் கணக்கு. "2020 மார்ச் 20ந் தேதி ராத்திரி எல்லாப் பப்பையும் மூடச் சொன்னாங்க. அன்னைக்கு இந்தக் கதவைச் சாத்துனப்ப வீட்டுல சாவு விழுந்த மாதிரி இருந்துச்சு" என்றார். அடுத்த நாலாம் நாள் எங்கள் தெரு டீக்கடையிலும் பாய்லர் அணைந்தது. முதன்முறையாக அதிகாலையில் அந்தப் பாய்லர் சத்தம் இல்லாமல் விழித்ததை அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். அவருக்குப் புரிந்தது.

கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு மூதாட்டி இருந்தார். எண்பத்தைந்து வயதாம், கடைக்கார அம்மாளின் தாயார். தினமும் அதே நாற்காலி. நான் இந்தியாவில் நெசவாளர் தெருவிலிருந்து வந்திருக்கிறேன் என்று மகள் சொன்னதும் அவர் முகம் மாறியது. பதினைந்து வயதில் மில்லில் சேர்ந்தவராம். நாலு தறி, ஆறு தறி என்று பார்த்திருக்கிறார். தறிச் சத்தத்தில் காது கேட்காது என்பதால் அந்தக் காலத்து நெசவுப் பெண்கள் வாயை அகல அகல அசைத்து, சத்தமே இல்லாமல் பேசிக்கொள்வார்களாம். 'மீ-மா' என்று அதற்குப் பெயர். எனக்குப் பேசிக் காட்டினார். உதடும் புருவமும் கையுமாக ஒரு முழு வாக்கியம். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் புரிந்தது. 'தேநீர் வேளை ஆச்சு, வா' என்றுதான் சொன்னார். செல்லூரில் விசைத்தறிக் கொட்டகைக்குள் என் பெரியம்மா மகள்கள் பேசுவதும் அப்படித்தான்.

பிறகு அவர் தன் கம்பளிச் சட்டையின் ஓரத்தில் தொங்கிய இழையை இழுத்து அறுத்தார். இரண்டு துண்டாக்கினார். நடுங்குகிற விரலால், கண்ணால் பார்க்காமலே, ஒரு முடிச்சுப் போட்டு என்னிடம் நீட்டினார். அறுந்த பாவு இழையைச் சேர்க்க அம்மா போடும் அதே முடிச்சு. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழையைக் குறுக்கே வைத்து, ஒரு சுற்று, ஓர் இழுப்பு. அச்சுக் கண்ணில் சிக்காமல் போகிற சின்ன முடிச்சு. நான் அதைப் பிரித்து, திரும்ப அதே மாதிரி போட்டுக் காட்டினேன். அந்த மூதாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை. நாடாவின் கண்ணில் வாயை வைத்து நூலை உறிஞ்சி எடுப்பதை அவர்கள் 'நாடாவை முத்தமிடுவது' என்பார்களாம். அதனால் முன்பல் போன கதையைச் சொன்னார். என் அம்மாவின் முன்பற்களும் அப்படிப் போனவைதான்.

அப்புறம் அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. எதிரே இருந்த அறையைக் காட்டி, "நான் மில்லுல வேலை பார்த்த காலத்துல அந்த ரூமுக்குள்ள நான் போனதே இல்ல" என்றார்.

அந்த ஊரின் பழைய பப்களில் 'வால்ட்' என்று ஓர் அறை இருக்கும். ஆண்களுக்கு மட்டும். பெண்கள் வந்தால் 'லவுஞ்ச்' என்ற வேறு அறையில் உட்கார வேண்டும். அங்கே பீர் விலையும் ஒரு பென்னி அதிகம். இதெல்லாம் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. 1937ல் டாம் ஹாரிசன் என்பவரும் நண்பர்களும் 'மாஸ் அப்சர்வேஷன்' என்ற அமைப்பைத் தொடங்கி, சாதாரண மக்களின் வாழ்க்கையை அப்படியே குறித்துவைக்கப் புறப்பட்டார்கள். அதற்கு அவர்கள் பிடித்த ஊர் போல்ட்டன். புத்தகத்தில் அதற்கு 'வொர்க்டவுன்' என்று பெயர் வைத்தார்கள். பப்களில் உட்கார்ந்து, யார் வருகிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், ஒரு டம்ளர் தீர எத்தனை நிமிஷம், என்ன பேசுகிறார்கள் என்று எழுதினார்கள். அப்போது அந்த ஊரில் சுமார் 300 பப்கள். வீட்டையும் வேலையிடத்தையும் விட்டால், மக்கள் அதிக நேரம் கழிக்கிற இடம் பப்தான் என்பது அவர்கள் கண்டது. 1943ல் அது புத்தகமாக வந்தது. ஹம்ஃப்ரி ஸ்பெண்டர் எடுத்த படங்கள் போல்ட்டன் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. படங்களில் தொப்பி வைத்த ஆண்கள், கையில் டம்ளர். பார்க்கப் பார்க்க எனக்கு எங்கள் டீக்கடைப் பெஞ்சுதான் தெரிந்தது. துண்டு போட்ட ஆண்கள், கையில் கிளாஸ்.

இத்தனைக்கும் பப்பின் ஆதி கதை பெண்கள் கதை. சில நூற்றாண்டுகளுக்கு முன் அந்த நாட்டில் வீட்டுக்கு வேண்டிய ஏல் என்ற பீரைக் காய்ச்சியது பெண்கள்தான். வீட்டுக்குப் போக மிஞ்சியதை விற்க, வாசலில் ஒரு கோலை நட்டுவைப்பார்கள். கோல் தெரிந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். அக்கம்பக்கத்தார் அந்த அடுப்படியிலேயே வந்து உட்கார்ந்தார்கள். 'பொது வீடு' என்ற பொருளில்தான் 'பப்ளிக் ஹவுஸ்' என்ற பெயர். 1830ல்கூட, வரி கட்டுகிற எந்த வீட்டுக்காரரும் இரண்டு கினி கட்டணம் செலுத்தினால் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம் என்று சட்டம் வந்தது. அப்படி வீட்டு அடுப்படியில் பெண் கையால் பிறந்த இடம், மெல்ல மெல்ல ஆண்களின் இடமாகி, பெண்ணுக்கு ஓர் ஓர அறையும் ஒரு பென்னி அதிக விலையும் மிச்சமானது.

தலைநகரிலும் இதே கதைதான். லண்டன் ஃப்ளீட் தெருவில் எல் வினோ என்ற மதுக்கடை. பத்திரிகைக்காரர்களும் வக்கீல்களும் கூடும் இடம். பெண்கள் கல்லா அருகே நின்று வாங்கக் கூடாது, பின்னால் போய் மேஜையில் உட்கார வேண்டும் என்று அங்கே வழக்கம். ஒரு பெண் வழக்கறிஞரும் ஒரு பெண் பத்திரிகையாளரும் நீதிமன்றம் போனார்கள். 1982ல் மேல்முறையீட்டில்தான் ஜெயித்தார்கள். 1982! நான் அப்போது செல்லூரில் பாவாடை சட்டையோடு தூக்குவாளி தூக்கிக்கொண்டிருந்தேன்.

நிறம் பார்த்துத் தள்ளி வைத்த கதையும் உண்டு. பர்மிங்காம் பக்கம் ஸ்மெதிக் என்ற ஊர். வார்ப்புப் பட்டறைகளில் வேலை செய்ய நம் பஞ்சாபிகள் நிறையப் பேர் போன இடம். அங்கே பல பப்களில் இந்தியர்களைச் சில அறைகளுக்குள் விடமாட்டார்கள். இந்தியத் தொழிலாளர் சங்கம், அவதார் சிங் ஜவுல் போன்றவர்கள் தலைமையில், வேண்டுமென்றே அந்த அறைகளுக்குள் போய் உட்கார்ந்து போராடியது. 1965 பிப்ரவரியில் மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கே வந்து, ஒரு பப்பில் தள்ளி வைப்பதை நேரில் பார்த்தார். அந்த வருஷக் கடைசியில்தான் பொது இடங்களில் நிறம் பார்த்து ஒதுக்குவது சட்டப்படி தடை செய்யப்பட்டது. பிறகு பஞ்சாபிக் குடும்பங்களே அந்த வட்டாரத்தில் பப்களை வாங்கி நடத்த ஆரம்பித்தார்கள். இன்றைக்கு 'தேசி பப்' என்று அவற்றுக்குப் பெயர். பீரோடு தந்தூரி மீனும் கிடைக்கும், எல்லா நிறத்தாரும் ஒரே மேஜையில்.

இதைக் கேட்டபோது எனக்கு ஊர் ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்? நம் பக்கத்துக் கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை முறை இருந்ததை நாம் அறியாதவர்களா? ஒருவருக்குக் கண்ணாடி கிளாஸ், இன்னொருவருக்குச் சிரட்டை அல்லது தனியே தொங்கவிட்ட டம்ளர். ஒருவருக்குப் பெஞ்சு, இன்னொருவருக்குத் தரை. 1955லேயே தீண்டாமைக்கு எதிராகச் சட்டம் வந்தும், டம்ளர் மாற எத்தனை காலம் ஆனது, எத்தனை பேர் அடிபட்டார்கள். 1939 ஜூலை 8ந் தேதி வைத்தியநாத ஐயரோடு கக்கனும் மற்றவர்களும் மீனாட்சி கோயிலுக்குள் நடந்தார்களே, அந்த ஊர்க்காரி நான். எல்லோருக்குமான இடம் என்று நாம் சொல்கிற எதுவும் தானாக எல்லோருக்குமானது ஆகிவிடவில்லை. யாரோ ஒருவர் முதலில் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம்தான் மற்றவர்களுக்கு அது சாதாரணமானது.

மூதாட்டியிடம் கேட்டேன், "நீங்க எப்ப முதல்ல அந்த ரூமுக்குள்ள போனீங்க?"

"என் மக இந்தக் கடைக்கு மருமகளா வந்த அன்னைக்கு" என்றார். "கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் உட்கார வச்சா. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல."

கல்லா மேலிருந்த மணியை அடித்தார்கள். கடைசியாக வாங்க வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம் என்று அர்த்தமாம். அன்று பாப்பா தூங்கிவிட்டதால் நாங்கள் அவ்வளவு நேரம் இருந்தோம். அதன்பின் ஊருக்குக் கிளம்பும் வரை எல்லாப் புதன்கிழமையும் போனேன். ஒவ்வொரு தடவையும் விம்டோ, பட்டாணி, கணப்புப் பக்கத்து நாற்காலி. நான் எதற்கு வந்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வேலையும் இல்லாமல், யாருக்கும் எதையும் வாங்கிப்போக வராமல், சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஐம்பத்தேழு வயது. வீட்டுக்கு வெளியே, கோயில் மண்டபத்தைத் தவிர, அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மதுரைக்கு வந்து ஜெட் லாக் தெளிய நாலு நாள் ஆனது. ஐந்தாம் நாள் புதன்கிழமை. நாலு மணிக்கு அம்மாவிடம், "எந்திரிம்மா, டீ குடிச்சுட்டு வருவோம்" என்றேன்.

அம்மாவுக்கு எண்பது வயது. "தூக்குல வாங்கிட்டு வாயேன்" என்றார்.

"இல்லம்மா. அங்க போயி."

என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்து கடைக்கு அறுபது எழுபது அடிதான் இருக்கும். அந்தத் தூரத்தை இந்த அம்மா டீக்காக நடந்ததில்லை. டீதான் அவரைத் தேடி வந்துகொண்டிருந்தது, ராட்டைக்குப் பக்கத்திலேயே.

பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. ஓரத்தில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவை உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். வழுவழுவென்று தேய்ந்த பலகை. மூன்று தலைமுறை ஆண்கள் உட்கார்ந்து தேய்த்தது. பேப்பர் படித்தவர் நிமிர்ந்து பார்த்தார், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார், மறுபடி படித்தார். டீ ஆற்றிக்கொண்டிருந்த தம்பியின் கை ஒரு நொடி நின்றது.

"வாங்க டீச்சர். வாங்கப்பத்தா. பார்சலா?"

"இங்கனக்குள்ளயே குடிக்கிறோம் தம்பி. ரெண்டு. அம்மாவுக்குச் சீனி கம்மி."

கண்ணாடி கிளாஸில் நுரையோடு வந்தது. அம்மா இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். பாதி குடித்துவிட்டு, "இங்க குடிச்சா சூடா இருக்குடி" என்றார். தூக்குவாளியில் வீடு வந்து சேரும்போது டீயில் எப்போதுமே கொஞ்சம் சூடு போயிருக்கும். எண்பது வயதில்தான் அந்த டீயின் முழுச் சூட்டை அவர் பார்க்கிறார்.

கடைக்குப் பின்னால் எண்ணெய்ச் சட்டி முன்னால் அந்தத் தம்பியின் அம்மா நின்றுகொண்டிருந்தார். மருமகளாக வந்த நாளிலிருந்து அந்தக் கடைக்கு வடை போடுகிறவர். ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கையைக் காட்டி, "வாங்கக்கா, செத்த உக்காருங்க" என்றேன். "சட்டி காயுதே டீச்சர்" என்றார். அப்புறம் அடுப்பைத் தணித்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் சுற்றி வந்தார். தன் வீட்டுக் கடையின் பெஞ்சில், அம்மாவுக்கு அந்தப் பக்கம், நுனியில் உட்கார்ந்தார்.

"முப்பத்திரண்டு வருஷமாச்சு," என்றார். "ரோடு இங்கிருந்து பாத்தா வேற மாதிரி இருக்கு."

தம்பி மூன்றாவது டீயைக் கொண்டுவந்து தன் அம்மா கையில் கொடுத்தான்.